போர்க்காலத்தில் பிறந்த வாடகைச் சட்டம்

பெரும்பாலான வாடகைக் குடியிருப்பாளரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்ற இயலாது என இவ்வழிகாட்டியின் வீட்டுவசதிப் பக்கங்களில் வாசித்திருப்பீர்கள். குடியிருப்பாளருக்கான பாதுகாப்பு பிரித்தானியச் சட்டத்தில் வேரூன்றியது முதலாம் உலகப் போரின்போதாகும்.

1915இல் கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து சேர்ந்தனர். வீடுகளுக்குப் போட்டி மிகவே, உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். கணவன்மார் போர்முனையிலிருந்த குடும்பங்களும் தப்பவில்லை. கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய பெண்கள் குடியிருப்பாளரைத் திரட்டினர். வெளியேற்ற அலுவலர் வந்தால் மணி ஒலிக்கும். பெண்கள் வாயிலிலும் படிக்கட்டிலும் கூடி வழிமறிப்பர். மாப்பொட்டலங்களும் பறந்தனவாம்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அவர்கள் வாடகையையே மறுக்கவில்லை. உயர்த்தப்பட்ட தொகையை மட்டுமே மறுத்தனர். ‘வாடகை மறுப்பு’ என்று மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. நவம்பர் மாதமளவில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இதில் இணைந்திருந்தன. அம்மாதம் 17ஆம் திகதி, உயர்வைச் செலுத்தாத 18 பேர்மீது வழக்கு விசாரணைக்கு வந்தபோது பெருங்கூட்டம் நீதிமன்றத்தின் முன் திரண்டது. வழக்குக் கைவிடப்பட்டது.

டிசம்பர் 23 அன்று சட்டம் பிறந்தது. சிறிய வீடுகளின் வாடகை 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் இருந்த அளவில் நிறுத்தப்பட்டது. வீட்டு அடமான வட்டியும் அவ்வாறே. அந்த வாடகையைச் செலுத்தி, ஒப்பந்த நிபந்தனைகளைக் காப்பவரை, சட்டம் குறித்த காரணமின்றி வெளியேற்ற நீதிமன்றமும் கட்டளையிட முடியாது. உரிமையாளரைக் கட்டுப்படுத்தியதைவிட நீதிமன்றத்தின் கையைக் கட்டியதே பெரிய மாற்றம் என்பேன்.

போர் முடிந்து ஆறு மாதங்கள் வரைக்குமே எண்ணப்பட்ட சட்டம் அது. வீட்டுப் பற்றாக்குறை தீராமையால் நீடிக்கப்பட்டது. 1939இல் மீண்டும் விரிந்தது. இலங்கையிலும் 1942இல் போர்க்கால வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததை நம் மூத்தோர் சிலர் அறிவர். ஆயினும், வீட்டில் இருப்பவரைக் காத்த இச்சட்டம் வீடு தேடுபவருக்கு வீடு தரவில்லை. அதற்கு, உள்ளூராட்சி மன்றங்களை வீடு கட்டப் பணித்த 1919ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது.

இன்று வாடகை உயர்வு அறிவித்தல் கிடைத்தால், கிளாஸ்கோ வழியைப் பின்பற்றித் தாமாகவே பணத்தை நிறுத்திவிட வேண்டாம். நிலுவையே வெளியேற்ற வழக்குக்குக் காரணமாகலாம். அறிவித்தலையும் குடியிருப்பு ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, தாமதியாது வீட்டுவசதி ஆலோசகரைக் காணுங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனில், சந்திப்பு நேரத்தைப் பதியும்போதே கூறிவிடுங்கள்.