வெள்ளக் கணக்கில் கட்டத்தின் அளவு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு மாணவர்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருமா என்று கணினி சொல்லாதா, சார்?" என்று ஒருவர் கேட்டால், சராசரிக் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

ஆற்று நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரி, நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே மழையளவு, ஒரே உயரம், ஒரே மண். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட மழைக் கட்டம் ஒன்றின் பக்கம் 0.25 பாகை, அதாவது ஏறத்தாழ 27 கி.மீ. பரப்பு 700 ச.கி.மீ.க்கும் மேல். புதுச்சேரி வட்டாரம் முழுவதுமே சுமார் 290 ச.கி.மீ.தான்!

கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். மழை: 40, 0, 0, 0 மி.மீ. ஒவ்வொரு கட்டத்து மண்ணும் 10 மி.மீ. வரை உறிஞ்சும். முதல் கட்டத்தில் 30 மி.மீ. வழிந்தோடும். இப்போது நான்கையும் ஒரே பெரிய கட்டமாக்குங்கள். சராசரி மழை 10, மண் அத்தனையையும் உறிஞ்சிவிடும், வெள்ளமே இல்லை. பெய்த மழை அதேதான். நாம் பார்த்த அளவுதான் மாறியது.

உயரத்திலும் இதே சிக்கல். சில மீட்டர் அகலமுள்ள ஏரிக்கரை 90 மீட்டர் கட்டத்தின் சராசரியில் கரைந்துபோகும். கணினியின் கண்ணில் அங்கே கரையே கிடையாது.

நந்தி மலையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. ஓடிவரும் தென்பெண்ணைக்குப் பெரிய கட்டங்கள் ஓரளவு போதும். பரந்த நீர்ப்பிடிப்பில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். (அணைத் திறப்பு வேறு கணக்கு. டிசம்பர் 2-இல் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் வந்தது.) செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணிக்கு அது போதாது. ஊர் வாய்க்காலுக்குச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் கட்டத்தைச் சிறிதாக்கிவிடலாமே? பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு. கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் கணக்கீடு எட்டு மடங்காகும். மழைமானிகள் கூடாமல் கட்டம் மட்டும் சிறுத்தால், படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கணக்கை முடித்தபின் ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்கள்: எல்லாக் கட்டத்திலும் சிமெண்ட் தரை, உறிஞ்சல் 0. இப்போது சிறு கட்டம், பெரிய கட்டம் இரண்டிலும் சராசரி வழிந்தோட்டம் 10 மி.மீ. தான் வரும். வேறுபாடு எங்கே போனது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.