லாங் லென்ஸ் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

நம்ம ஊர் செலியமேட்டில் இருந்துகொண்டு கையில் ஒரு கேமராவும் வைத்திருந்தால் மனசு பறவைகள் பக்கம் போகாமல் இருக்காது. சுற்றிலும் நெல்வயல், பக்கத்தில் பாகூர் ஏரி, அந்தப் பக்கம் தென்பெண்ணை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிவிட்டால் நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா என்று கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் எடுத்தால் எல்லாம் வெறும் புள்ளியாகத் தெரியும். உடனே “பெரிய லென்ஸ் வாங்கணும்க்கா” என்று ஆரம்பித்துவிடுவாய். வாங்கலாம் தம்பி. காசு எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிடு.

1. முதலில் தூரத்தைக் கணக்குப் பண்ணு

மடையான் சுமார் 45 செ.மீ. இருக்கும். 20 மீட்டர் தள்ளி நிற்கும் மடையானை 55 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சென்சாரில் அதன் உருவம் ஒரு மி.மீ. சொச்சம்தான். சென்சாரின் உயரமோ சுமார் 15 மி.மீ. அதே இடத்தில் 250 மி.மீ. போட்டால் ஐந்தரை மி.மீ. வரும், படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதே பறவை 50 மீட்டர் தள்ளிப் போனால், அந்த அளவில் எடுக்க 600 மி.மீ. வேண்டும்.

இதில் உனக்கு ஒரு லாபம் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால், லென்ஸ் இரண்டு மடங்கு ஆனதற்குச் சமம். 30 மீட்டரில் 600 செய்கிற வேலையை 15 மீட்டரில் 300 செய்துவிடும். நெருங்கப் பழகுவதற்குக் காசு கிடையாது.

2. வயலுக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று

டிராக்டர் சேறடிக்கும்போது உண்ணிக்கொக்கும் மைனாவும் சக்கரத்தை ஒட்டியே நடக்கும். வாய்க்கால் ஓரக் கம்பியில் மீன்கொத்தி உட்காரும். இதற்கெல்லாம் 55-250 அல்லது 70-300 தாராளம். கேனானின் 55-250 எஸ்டிஎம் வெறும் 375 கிராம். தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம்.

ஏரியின் நடுவில் மிதக்கும் வாத்துக்குத்தான் 600 தேவை. டாம்ரான், சிக்மா 150-600, நிக்கான் 200-500 எல்லாம் ஏறக்குறைய இரண்டு கிலோ. புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போகும். கேனானின் ஆர்எஃப் 100-400 முக்கால் கிலோகூட இல்லை. ஆனால் வெளிச்சம் குறைந்தால் திணறும்.

3. கேமரா பாடிக்குப் பொருந்துமா பார்

நிக்கான் டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்டிருக்கிறதா பார். கேனான் ஆர் பாடி வைத்திருந்தால் பழைய இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு நிம்மதியாக மாட்டலாம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பழைய பாடியே ஓடட்டும், லென்ஸுக்குச் செலவு பண்ணு.

4. கன்வெர்ட்டரை நம்பி இறங்காதே

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸும் நின்றுபோகும்.

5. செகண்ட்ஹேண்ட் என்றால் டார்ச் எடுத்துப் போ

லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பங்கஸ், வாங்காதே. ஜூமை இரண்டு பக்கமும் சுழற்று, நடுவில் சிக்கக் கூடாது. சுவரில் செய்தித்தாள் ஒட்டி, முழு ஜூமில், அபெர்ச்சரை முழுசாகத் திறந்து எடு. எழுத்து நான்கு மூலையிலும் தெளிவாக வருகிறதா பார். முடிந்தால் சென்னையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஏரிக்கரையில் காலை முழுக்கத் தூக்கிப் பார். கை வலித்தால் அந்த லென்ஸ் பீரோவில்தான் தூங்கும்.

6. நெல்லை மூட்டை கட்டு

முழங்கை நீளத் துணிப்பையில் முக்கால்வாசி நெல் நிரப்பித் தைத்துவிடு. வண்டி சீட்டிலோ மதகுக் கட்டையிலோ வைத்து லென்ஸை அதன்மேல் சாய்த்தால் ஆடாது. வண்டியை விட்டு இறங்கினால்தான் பறவை மிரளும், உட்கார்ந்தபடியே எடு. ஷட்டர் வேகம் உட்கார்ந்த பறவைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 வை. உச்சி வெயிலில் வயல்மேல் காற்று அலையடிக்கும். எந்த விலை லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. காலை வெயிலிலேயே முடித்துவிடு.

7. மா. கிருஷ்ணனைத் தெரிந்துகொள்

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர். ஒரு கம்பெனி பாடி, வேறொரு கம்பெனி டெலி லென்ஸ் என்று தானே பொருத்திக்கொண்ட கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதை வைத்துத்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1960-இல் பத்மஸ்ரீ பெற்றார். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீயும் அதைப் படி.

8. ஈரம் படாமல் வை

கடல் பக்கத்து ஊர் நம்முடையது. தோல் பையில் மூடி வைக்காதே. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் போட்டு வை. நிறம் மாறினால் சூடு காட்டி மறுபடி போடு.

9. கூட்டுப் பக்கம் போகாதே

கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டு எடுத்தால் காக்கைக்கு வழி காட்டியதாகும். தாய்ப் பறவை கத்தினாலே நீ அதிகம் நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம், பின்வாங்கு.

கடைசியாக, காசுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 250 அல்லது 300. அதை வைத்து மழைக்காலத்தில் ஆரம்பித்து மார்ச் வரை ஒரு பருவம் முழுக்க எடு. பிறகு படங்களைத் திறந்து பார். நெருங்க முடிந்த மட்டும் நெருங்கியும் பறவை சின்னதாகவே இருந்தால் 600-க்குச் சேர்க்க ஆரம்பி. இல்லையென்றால் அந்தக் காசில் பெட்ரோல் போட்டு, 2008-இல் பறவைகள் சரணாலயமான ஊசுட்டேரிக்கும், 2021-இல் சரணாலயமான கழுவேலிக்கும் போய் வா.