விரல் நுனியில் ஒரு சொட்டு

கண்ணு, உனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று போன வாரம் லேபில் எழுதிக் கொடுத்ததும், ஒரு குளுக்கோமீட்டரை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாய். பெட்டியைப் பிரிக்கக்கூட உனக்குக் கை வரவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அன்று பேச முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தைப் பார்த்தவன் நான். 1994 முதல் என் ரத்தத்தையும் பார்த்து வருகிறேன். இரண்டிலும் தப்புச் செய்திருக்கிறேன். அதே தப்புகளை நீயும் செய்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் பயத்தை இறக்கி வை. என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த காலத்தில் வீட்டில் ரத்தம் பார்க்க வழியே இல்லை. கண்ணாடிக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். நீலம் நீலமாகவே நின்றால் அம்மாவின் முகம் தெளியும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய சேதி. சர்க்கரை ஆபத்தாகக் குறைந்துபோனால் அந்தக் குழாய்க்குத் தெரியவே தெரியாது. உன் கையில் இருப்பது இந்த நிமிடத்துச் சேதியைச் சில விநாடிகளில் சொல்லிவிடும். அப்பாவுக்கு இது கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

2. கையில் வைத்திருக்கும் பொருளைப் புரிந்துகொள். வேலை செய்வது மீட்டர் என்று நினைப்பாய். உண்மையில் வேலை ஸ்ட்ரிப்பில் நடக்கிறது. அதன் முனையில் இருக்கும் மெல்லிய பிளவில் ரத்தம் பட்டதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஒரு நொதி காய்ந்து படிந்திருக்கிறது. பல ஸ்ட்ரிப்புகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். பழைய வெங்காயத் தோலில் கரும்பொடியாகப் படிகிறதே, அந்தப் பூஞ்சை இனத்திலிருந்து எடுப்பது. அது ரத்தத்திலுள்ள குளுக்கோசிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க, இன்னொரு ரசாயனம் அவற்றை வாங்கி மின்முனையில் சேர்க்கிறது. சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். மீட்டர் அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக்கிக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இப்படிச் சேர்த்து வைக்கலாம் என்று 1962-இலேயே வழி காட்டியவர்களில் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி முக்கியமானவர். இதையெல்லாம் நீ மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தச் சின்ன அட்டைக்குள் பக்குவமாக வைத்துக் காக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

3. குத்துவதற்கு முன் கையைக் கழுவு. நான் சொல்வதில் ஒன்றைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேள். ஒரு மே மாதம் பேரனுக்கு மல்கோவா நறுக்கிக் கொடுத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சர்க்கரை பார்த்தேன். 312! நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்சுலினைக் கூட்டிப் போட ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். உன் பெரியம்மாதான் தடுத்தாள், “மாம்பழக் கையோடவா பாத்தீங்க?” என்று. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 148. அந்த ஊசியைப் போட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் ஈரம் இருந்தாலும் ரத்தம் நீர்த்து எண் மாறும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் ரத்தம் எளிதாக வரும். விரலின் நடுச் சதையில் குத்தாதே. பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்றால் கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து மெதுவாக நீவு. நுனியைப் பிசைந்து எடுத்தால் சதையிலுள்ள நீரும் சேர்ந்து வந்துவிடும். எண் உன்னைத் திடுக்கிட வைத்தால், மருந்தைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி இன்னொரு முறை பார்.

4. ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வை. அந்த டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் மூடியை ‘டக்’ என்று சத்தம் வர அழுத்தி மூடு. திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போனபோது, டப்பா எதற்கு என்று நாலு ஸ்ட்ரிப்பை மட்டும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேர்வையில் ஊறிய பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் இரண்டில் பிழைச் செய்தி, ஒன்றில் நம்பவே முடியாத எண். அடுப்பங்கரையும் வெயிலில் நிற்கும் வண்டியும் அதற்கு ஆகாத இடங்கள். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடு. திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். காலாவதி ஆனதைக் காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று வைத்துக்கொள்ளாதே.

5. உன் ஊசி உனக்கு மட்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்முகிறது. மீட்டர் வாங்கிய புதிதில் சாயங்காலமானால் தெருவே எங்கள் திண்ணைக்கு வரும். “எனக்கும் ஒரு தடவ பாருங்கண்ணே” என்பார்கள். ஒரே லான்செட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து ஐந்து பேருக்குக் குத்தியிருக்கிறேன், லேபில் வேலை பார்த்த நானே. மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி அதற்குப் போதும். ஊசியை மாற்றினாலும் குத்தும் பேனாவில் அந்தத் துளி ஒட்டியிருக்கலாம். ஆகவே பேனாவையும் கடன் கொடுக்காதே. என்னால் யாருக்கும் எதுவும் வரவில்லை என்றுதான் நம்புகிறேன். அது என் சாமர்த்தியத்தால் இல்லை. உபயோகித்த ஊசியைக் கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வை. வெறும் குப்பையில் போட்டால் அது குப்பை அள்ளும் அம்மாவின் கையில் ஏறும்.

6. எண்ணோடு மல்லுக்கு நிற்காதே. நீ வாங்கியது நல்ல மீட்டராகவே இருக்கட்டும். 100-க்கு மேலான அளவுகளில் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று உலகத் தர விதியே இடம் கொடுக்கிறது. உண்மை 150 என்றால் மீட்டர் 128-உம் காட்டலாம், 172-உம் காட்டலாம். நீ ஒரே விரலில் மூன்று முறை குத்தி, மூன்று எண் பார்த்துக் கலங்குவாய் என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது லேப் பரிசோதனையின் வேலை. வீட்டு மீட்டரை வைத்து யாருக்கும் அதைச் சொல்லிவிடாதே. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உன் அம்மாவுக்குப் பார்த்துக் கொடுக்கும்போது இதை மறக்காதே. இன்னொன்று: சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சொந்தக்காரர்கள் மீட்டர் வாங்கி வந்தால் அது 7.2 என்று காட்டும். அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம்முடைய மில்லிகிராம் கணக்கில் சுமார் 130 வரும்.

7. பொய் சொல்லாதே. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டாக்டரிடம் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து வாயைக் கட்டுவேன். அந்த மூன்று நாளும் பார்த்து நோட்டில் அழகாக எழுதுவேன்: 112, 118, 109. கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த ராத்திரி மீட்டரைத் தொடவே மாட்டேன். தெரியாமல் 260 வந்துவிட்டால் அந்த நாளுக்கு நோட்டில் வெறும் கோடு. ஏறக்குறைய நாலு வருஷம் இப்படி ஓடியது. டாக்டர் அந்த நோட்டை நம்பி மருந்தை அப்படியே விட்டுவைத்தார். ஒருநாள் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி எடுக்கச் சொன்னார். 9.8 வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டையும் அந்தச் சீட்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த வருஷமே இடது கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு தெரிந்து லேசர் வைக்க வேண்டியதாயிற்று. இப்போதும் சாயங்கால வெளிச்சத்தில் அந்தக் கண்ணால் பஸ்ஸின் நம்பர் படிக்க முடியாது. நான் யாரை ஏமாற்றினேன், சொல்? மீட்டரில் வரும் எண் உன் ஒழுக்கத்துக்குப் போடும் மார்க் இல்லை. 260 என்றால் 260 என்று எழுது. பக்கத்திலேயே என்ன சாப்பிட்டாய், எங்கே இருந்தாய், மாத்திரை தவறியதா என்று ஒரு வார்த்தை எழுது. டாக்டருக்கு உன் நல்ல எண்களைவிடக் கெட்ட எண்கள்தான் உதவும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை, நீயாக எடுத்துக்கொள்ளாதே.

8. கேள்வி கேட்டுப் பார். வெறுமனே தினமும் காலையில் ஒரு தடவை குத்திக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை. சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ஜோடியாகப் பார்த்தால் அந்தச் சாப்பாடு உனக்கு என்ன செய்தது என்று தெரியும். கேழ்வரகுக் கூழ் சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொன்னதால் ஒரு பெரிய சொம்பு நிறையக் குடித்துவந்தேன். ஜோடியாகப் பார்த்தபோது பின்னது 236. சொம்பை டம்ளராக்கினேன். எத்தனை முறை பார்ப்பது என்பது நீ எடுக்கும் மருந்தைப் பொறுத்தது. இன்சுலின் போடுபவருக்கு அடிக்கடி தேவைப்படும், மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு அவ்வளவு வேண்டாம். டாக்டரிடம் கேட்டு முடிவு செய்.

9. தாழ்ந்த எண்ணுக்குத் தயாராக இரு, வெட்கப்படாமல் இரு. 70-க்குக் கீழே போனால் காத்திருக்காதே. மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடி. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார். ஏறவில்லையென்றால் மறுபடி குடி. ஏறியபின் இரண்டு இட்லியாவது சாப்பிடு. கை நடுங்கி, வேர்த்து, திடீரென்று பசித்து, மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் முதலில் சர்க்கரை, பிறகு சோதனை. ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். பந்தி தாமதமானது. வேர்த்துக் கொட்டியது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சர்க்கரைத் தண்ணீர் கேட்பதா என்று கூசி உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. விழித்தபோது ஆம்புலன்ஸில் இருந்தேன். நினைவு தப்பியவர் வாயில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை உன்னிடம் சொல்லிப் பயனில்லை, அந்த நேரத்தில் உனக்கு நினைவிருக்காது. அதனால் இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் உன் வீட்டுக்காரருக்கும், பத்து வயது ஆகிவிட்ட உன் மகளுக்கும் இன்றைக்கே படித்துக் காட்டு. சர்க்கரை எங்கே இருக்கிறது என்று இருவரையும் கை வைத்துக் காட்டச் சொல். எங்கள் வீட்டில் அது அஞ்சறைப்பெட்டிக்கு வலப்பக்கம், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது.