தந்தையின் உவகை

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில், லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் மூன்று உவமைகளைக் கூறுகிறது. பாவிகள் எனப்பட்டோருடன் இயேசு உணவருந்துவதைப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் குறைகூறியபோது, அவர் தந்த விடையே இவ்வுவமைகள். நூறு ஆடுகளுள் ஒன்றும், பத்து வெள்ளிக்காசுகளுள் ஒன்றும், இரு மைந்தருள் இளையவனும் காணாமற்போய்க் கிடைக்கின்றனர். மனம் மாறியவரைக் கண்டு இறைவன் கொள்ளும் மகிழ்ச்சியே மூன்றன் உட்பொருள்.

ஆட்டையும் காசையும் உரியவர் தேடிக் கண்டெடுக்கின்றனர். மைந்தனோ தானே திரும்புகிறான். தன் பங்குச் சொத்தை அயல்நாட்டில் அழித்தவன், பஞ்சத்தால் பன்றி மேய்க்கும் நிலையை அடைகிறான். பன்றியைத் தீட்டெனக் கருதிய யூதருக்கு அது பேரிழிவு. அங்கே அவன் அறிவு தெளிகிறது. மனமாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'மெட்டனோயா' என்பதற்கும் எண்ணம் மாறுதல் என்பதே பொருள். கூலியாளாகவேனும் ஏற்குமாறு வேண்ட எண்ணி வருபவனைத் தந்தை தொலைவிலேயே கண்டு, ஓடிச்சென்று தழுவுகிறார். மகனுக்குரிய ஆடையும் மோதிரமும் அணிவிக்கச் செய்கிறார்.

கட்டளை மீறாது உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் தரப்படவில்லையே எனச் சினந்து, மூத்தவன் வெளியே நிற்கிறான். தந்தை அவனிடமும் வந்து வேண்டுகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை உவமை கூறவில்லை. அம்முடிவு, குறைகூறியோரிடமே விடப்படுகிறது.