சுவரை உடைத்து வாசல் வைக்கும் முன்

"நாலரை அங்குலச் சுவர்தானே, உடைச்சா ஒண்ணும் ஆகாது." புது வாசல் பேச்சு எழும் வீடுகளில் முதலில் காதில் விழுவது இதுதான். பில்லர், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் அது பெரும்பாலும் சரி. பில்லர் இல்லாத வீட்டிலோ செலவைக் குறைக்க நாலரை அங்குலச் சுவர் மேலேயே தளம் போட்டிருப்பார்கள். சுவரின் கனம் முக்கியமில்லை, அதன் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் அண்ணாந்து பார்த்தாலே விடை தெரியும். தேக்குக் கட்டைகளின் முனைகள் எந்தச் சுவர்களில் ஊன்றியிருக்கின்றனவோ, அவைதான் பாரம் தாங்கும் சுவர்கள். கான்கிரீட் தளத்தில் அப்படி வெளியே தெரியாது. அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளமுள்ள அறையில் பெரும்பாரம் நீளச் சுவர்களுக்கே போகிறது. மாடியில் அதே இடத்துக்கு நேர் மேலே சுவர் இருக்கிறதா என்று ஏறியும் பார்த்துவிட வேண்டும். சுவரைத் தட்டி, சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. பூச்சு விட்டிருக்கிறதா என்பதற்கு மேல் அந்தச் சத்தம் எதையும் சொல்லாது.

எனக்கு மிகவும் பயம் தரும் நம்பிக்கை இன்னொன்று: "முதல்ல வழியை உடைச்சிடலாம், லிண்டலை அப்புறம் போட்டுக்கலாம்." உடைத்த பிறகும் சுவர் நிற்கத்தான் செய்யும். திறப்புக்கு மேலே முக்கோண வடிவில் உள்ள செங்கல்கள்தான் விழப் பார்க்கும். அதற்கு மேலுள்ள பாரம் வளைவுபோல் இரு பக்கமும் இறங்கிவிடும். ஆனால் அதற்கு மேலேயும் பக்கங்களிலும் போதிய சுவர் வேண்டும், கலவை உதிராமல் இருக்க வேண்டும். தளமோ பீமோ அந்த முக்கோணத்துக்குள் வந்து உட்கார்ந்தால் கணக்கே மாறிவிடும். இரண்டு நாள் நின்றுவிட்டதே என்ற தைரியத்தில் ஆட்கள் அதன் கீழேயே நின்று வேலை செய்வார்கள். அதைப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது.

முறை இதற்கு நேர் எதிர். முதலில் சுவரின் இரு புறமும் தளத்துக்கு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு லிண்டல் உட்காரும் அளவுக்கு மட்டும் சுவரை வெட்ட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒரு பக்கத்திலிருந்து பாதிக் கனத்தை மட்டும் வெட்டி, தரையில் வார்த்து ஆறவைத்த நாலரை அங்குல லிண்டலை ஏற்றி, மேல் இடைவெளியில் தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையை இடித்து நிரப்ப வேண்டும். அது இறுகிய பிறகே மறுபக்கப் பாதி. மூன்று அடி வாசலுக்கு லிண்டல் நான்கு அடியாவது இருக்க வேண்டும். இரு முனையும் ஆறு அங்குலமாவது சுவரில் ஏறி உட்கார வேண்டும். அந்த இடத்திலேயே கான்கிரீட் போட்டால் ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு, 14 நாள் முட்டுகளைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். வாசலுக்கான செங்கலை உடைப்பது அதற்குப் பிறகு, மேலிருந்து கீழாக.

"தேக்கு நிலையே தாங்கும்" என்பதும் தவறு. நிலை கதவைத் தாங்க வந்தது. மரம் சுருங்கும், கரையான் ஏறும்.

வாஸ்துவுக்காக வாசலை மூலைக்கு மாற்றுகிறவர்கள் நிறைய. நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று பிடித்து நிற்பது மூலையில்தான். நிலநடுக்கப் பாதுகாப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4326 திறப்பை மூலையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறது. இரண்டு தள வீட்டில் ஒரு சுவரின் கதவு, ஜன்னல் எல்லாம் சேர்ந்து அதன் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதே சுவரில் இருக்கும் ஜன்னலை வாசலாக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். லிண்டல் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதே அகலத்தில் ஜன்னலுக்குக் கீழுள்ள சுவரை மட்டும் எடுத்தால் போதும்.

பழைய வாசலை அடைத்துவிட்டால் இழந்த பலம் திரும்பும் என்ற நினைப்பும் சரியல்ல. கலவை காயும்போது சுருங்கி, மேலே மயிரிழை இடைவெளி விழும். பாரம் புதுச் செங்கலுக்கு இறங்காது. அடைக்கும்போது பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி பல் வெட்டிச் செங்கலைக் கோக்க வேண்டும். கடைசி வரியை ஒரு வாரம் கழித்து, கெட்டிக் கலவையும் சில்லும் வைத்து இறுக்கி மூட வேண்டும்.