கொக்குக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பறவைப் படம் எடுப்போர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர். ஆசிரியர்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர்கள் என்று கலவையான கூட்டம். ஞாயிறுதோறும் கேமராவுடன் கண்மாய், காடு என்று கிளம்புவோம். மாதம் ஒரு தலைப்பு வைத்து எங்களுக்குள் படப் போட்டி நடத்துகிறோம். 'அரிய பறவை', 'மிக நெருக்கமான படம்' என்றெல்லாம் தலைப்பு வைத்தோம். தொடக்கத்தில் உற்சாகமாக இருந்தது. இப்போது யாரும் யாருக்கும் பறவை இருந்த இடத்தைச் சொல்வதில்லை. போன மாதம் இரண்டு பேருக்குள் பேச்சே நின்றுவிட்டது. போட்டியை விட்டுவிடலாமா? – வாசகர், புதுக்கோட்டை

பதில்: விட வேண்டாம். எதற்கு மதிப்பெண் தருகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள். போட்டி எதைப் பாராட்டுகிறதோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். அரியதற்குப் பரிசு என்றால் இடத்தை மறைப்பார்கள். நெருக்கத்துக்குப் பரிசு என்றால் பறவை எழும்பிப் பறக்கும்வரை முன்னேறிப் போவார்கள். உங்கள் நண்பர்கள் மாறிவிடவில்லை, நீங்கள் வைத்த விதி அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அணி பிரிந்து வேட்டைக்குப் போகும் வழக்கம் இருந்தது. கண்ணில் பட்ட பறவை, விலங்கு எல்லாவற்றையும் சுட்டுக் கொண்டுவந்து, எந்த அணியின் குவியல் பெரியது என்று பார்ப்பார்கள். 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதை விட்டுவிட்டு எண்ணிப் பார்ப்போமே என்று அழைத்தார். அந்த முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். கூடிக் கிளம்பும் உற்சாகம் அப்படியே இருந்தது, கணக்கு மட்டும் மாறியது. அந்தக் கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் கலந்துகொள்கிறார்கள். போட்டி மனப்பான்மையை ஒழிக்காமலே அதைப் பறவையின் பக்கம் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் 2005இல் மும்பையில் தொடங்கி மற்ற நகரங்களுக்குப் பரவிய பறவை ரேஸ் உண்டு. சிறு சிறு அணிகளாகப் பிரிந்து, விடியலிலிருந்து பொழுது சாயும்வரை எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது, தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பண்டிகையையொட்டி நான்கு நாட்கள் நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் செலவிட்டு, பார்த்த பறவை, குரல் கேட்ட பறவை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு இ-பேர்டு தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் பட்டியல் முழுமையாகாது. அந்த ஒரு விதி போதும், மனிதரின் கண் திருந்திவிடும். புதுக்கோட்டை மாவட்டம் உருவானதும் 1974 ஜனவரி 14 அன்றுதான். மாவட்டத்தின் பிறந்தநாளில் உங்கள் ஊர்க் கண்மாயின் பறவைகளை எண்ணுவதைவிட வேறென்ன கொண்டாட்டம் வேண்டும்? உங்கள் குழுவின் ஆண்டை அன்றே தொடங்குங்கள். பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பு அடுத்து வரும். அது 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது, 2013 முதல் இந்தியாவும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இனி மாதப் போட்டிக்கு வருவோம். 'அரிய பறவை' என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் ஒரு பறவையை வையுங்கள். ஒரு மாதம் முழுக்க மடையான் என்று வைத்துக்கொள்வோம். வயல் வரப்பில் கூனிக்குறுகி நிற்கும் அந்தப் பழுப்புப் பறவை, சிறகை விரித்ததும் வெள்ளையாகிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். அது தவளை பிடிப்பதையும், கலிங்கின் மேல் நின்று மீனுக்குக் காத்திருப்பதையும், தன் இடத்துக்கு வந்த இன்னொரு மடையானை விரட்டுவதையும் படமாக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே பறவை என்பதால் இடத்தை மறைக்க ஒன்றுமிருக்காது. யார் பொறுமையாகப் பார்த்தார் என்பது மட்டுமே வித்தியாசமாக நிற்கும். உயிரெழுத்து வரிசையிலும் ஓர் ஆட்டம் ஆடலாம்: ஆட்காட்டி, இலைக்கோழி, ஈபிடிப்பான், உள்ளான் என்று தேடிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் தாமாக மனப்பாடமாகும்.

மா. கிருஷ்ணனை (1912–1996) உங்கள் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்றவர். 'தி ஸ்டேட்ஸ்மேன்' இதழில் 1950 முதல் சாகும்வரை அவர் எழுதிய பத்தியிலோ, வீட்டைச் சுற்றித் திரியும் சாதாரணப் பறவைகளுக்கும் அணில்களுக்கும் தாராளமாக இடம் இருந்தது.

மதிப்பெண்ணில் பாதியைப் படத்துக்கும் மறுபாதியைக் குறிப்புக்கும் கொடுங்கள் என்பது என் யோசனை. நாள், நேரம், மரம், பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என நான்கைந்து வரி போதும். படம் எடுத்தவரால் பறவை கலைந்து பறந்திருந்தால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போட்டியில் கிடையாது. குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு வரவழைத்த பறவைக்கும் கிடையாது. பனிக்காலத்தில் நம் தோப்புகளுக்கு வரும் ஆறுமணிக்குருவியை இப்படி அழைத்து அழைத்துப் படமெடுக்கிறார்கள். அது தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. முடிவை விருப்பக்குறி எண்ணி அறிவிக்காதீர்கள். மாதக் கடைசியில் ஒருவர் வீட்டில் கூடி, படங்களைப் பெரிதாகப் போட்டுப் பார்த்து, எடுத்தவர் வாயாலேயே கதை கேளுங்கள். பேசாமல் இருக்கும் இருவரையும் அடுத்த மாதம் ஒரே அணியில் போடுங்கள்.

கேள்வி: சித்தன்னவாசல் பாறைப் பக்கம் எடுக்கும் படங்கள் எல்லாம் மங்கலாக வருகின்றன. கண்மாயில் எடுத்தால் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. நண்பர்கள் பெரிய லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். – வாசகர், அன்னவாசல்

பதில்: பணத்தைச் செலவழிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். நம் மாவட்டத்துப் பாறையும் செம்புறாங்கல் நிலமும் வெயில் ஏறியதும் சூடாகிவிடும். அதன் மேலுள்ள காற்று அலையலையாக எழும். தூரத்துப் பறவையை அந்தக் காற்றின் ஊடாகத்தான் உங்கள் கேமரா பார்க்கிறது. ஒன்பது மணிக்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இதை வெல்லாது, லென்ஸ் நீளமாக நீளமாக அலைவு கூடுதலாகத்தான் தெரியும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரம் எடுத்துப் பாருங்கள். நடுப்பகலில் குடைவரைக்குள் போய் விதானத்துத் தாமரைக்குளத்தைப் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த ஓவியத்தில் பூப்பறிப்போரும் யானையும் மீனும் பறவைகளும் ஒரே நீரில் இருக்கின்றன. பறவையை அதன் நீர்நிலையோடு சேர்த்துக் காட்டுவது எப்படி என்பதை அங்கே கற்கலாம். நம் படங்களில் பெரும்பாலும் பறவை மட்டும்தான் இருக்கிறது, ஊர் இருப்பதில்லை.

கொக்கு விஷயம் எளிது. இருண்ட நீரின் நடுவே வெள்ளைப் பறவை நிற்கும்போது, கேமரா நீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு படி குறைத்துவிட்டு எடுங்கள், இறகு இறகாகத் தெரியும். வானத்தை முதுகில் வைத்துக் கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானுக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்காவது வேண்டும்.

எங்கே நிற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நிலம் பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிவதால், பல கண்மாய்களில் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். காலையில் கரைமேல் நின்று நீரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். கவிநாடு கண்மாய் போன்ற பெரிய ஏரிகளில் கரை முழுவதும் அலையாமல், மடைக்கோ கலிங்குக்கோ பக்கத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் அங்கே தேடி வரும். உட்கார்ந்தால் கேமராவும் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கும், படத்தின் தன்மையே மாறிப்போகும்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்புவதிலிருந்து, கோடையில் நீர் வற்றி ஊரார் இறங்கி மீன்பிடிக்கும் நாள்வரை, ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுப்பதை ஆண்டுப் போட்டியாக வைக்கலாம். நிறைந்த நீரில் முக்குளிப்பானும் வாத்தும், சேறு தெரியும்போது உள்ளான்கள், கடைசிக் குட்டையில் நாரைக் கூட்டம் என்று நீர் இறங்க இறங்க ஆள் மாறும். இப்படி ஒரு வரிசை நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒன்று சேர்ந்தால் எவ்வளவு பெரிய ஆவணம்!

கேள்வி: எங்கள் ஊர்ப் பொட்டலில் ஆட்காட்டி முட்டையிட்டிருக்கிறது. 'தாயும் சேயும்' என்று குழுவில் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தள்ளி நின்று எடுத்தால் தவறில்லையே? – வாசகி, கீரனூர்

பதில்: தவறுதான். அந்தத் தலைப்பையே கைவிடச் சொல்லுங்கள். ஆட்காட்டி கூடு கட்டாது. சரளைக்கல்லோடு கல்லாக வெறுந்தரையில் முட்டையிடும். சித்திரை வெயிலில் அது முட்டைமேல் உட்கார்வது அடைகாப்பதற்காக மட்டும் அல்ல, நிழல் கொடுக்கவும்தான். வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. நீங்கள் தள்ளித்தான் நிற்கிறீர்கள் என்பது உங்கள் கணக்கு. அது கத்திக்கொண்டு தலைக்குமேல் சுற்றினால், அதன் கணக்கில் நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். சில நிமிடம் முட்டை வெயிலில் கிடந்தாலே கரு கெட்டுப்போகலாம். காகம் வேறு உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஒருவர் எடுத்தால் ஏழு பேரும் வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. ஓர் ஊரே பண்டிகைச் சத்தத்தை விட்டுக்கொடுக்கும்போது நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுக்கலாம். அந்தப் பொட்டலில் மாடு மேய்ப்பவரிடமும் டிராக்டர் ஓட்டுபவரிடமும் இடத்தைச் சொல்லி, சுற்றிப் போகச் சொல்லுங்கள். குஞ்சு பொரித்த நாளிலேயே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். சில வாரம் கழித்து, அது பறக்கும் அளவுக்கு வளர்ந்தபின் தொலைவிலிருந்து எடுங்கள். ஆந்தை அடையும் மரம், கூடு இருக்கும் மரம் தற்செயலாகப் படத்தில் வந்துவிட்டால், படத்தோடு பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிய பிறகே யாருக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: என்னிடம் கேமரா இல்லை, செல்போன் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு போட்டியில் சேரலாமா? எங்கள் ஊரில் மயில்தான் நிறைய. – மாணவி, விராலிமலை

பதில்: தாராளமாகச் சேரலாம். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால், அதன் ஒரு கண்ணில் செல்போன் கேமராவை ஒட்டிவைத்து எடுத்துப் பழகு. கை நடுங்காமல் சுவரிலோ பாறையிலோ முட்டுக்கொடுத்துக்கொள். படம் எடுப்பதற்காகப் பொரியோ அரிசியோ போட்டு மயிலை அருகே அழைக்காதே. ஆளைக் கண்டால் ஒதுங்கும் பழக்கம்தான் அதற்கு நாயிடமிருந்தும் சாலை வண்டியிடமிருந்தும் பாதுகாப்பு.

தோகை விரித்த மயிலை எல்லாரும் எடுக்கிறார்கள். ஆனால் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மயிலுக்குத் தோகை உதிர்ந்து, அடுத்த பருவத்துக்குள் மறுபடி வளர்கிறது. உங்கள் ஊரில் அது எந்த மாதம் உதிரத் தொடங்குகிறது, எந்த மாதம் பாதி வளர்கிறது, எப்போது முழுத் தோகையோடு ஆடத் தொடங்குகிறது என்று வாரம் ஒரு படமாக ஓராண்டு எடு. படத்துக்குக் கீழே நாளைக் குறித்துவை. பெரிய கேமராக்காரர்கள் யாரிடமும் அந்த வரிசை இருக்காது. அதை இந்தப் பகுதிக்கு அனுப்பினால் முழுப் பக்கம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் நானே கேட்பேன்.