ஒரு விளக்கு போதுமா?

இம்மாதப் பாடமாக ‘டன்பார்’ என்ற பாய்மரக்கப்பலின் சரித்திரத்தைக் கவனிப்போம்.

இங்கிலாந்திலுள்ள சண்டர்லேண்ட் பட்டணத்தில் 1853ல் கட்டப்பட்ட உறுதியான வணிகக் கப்பல் அது. கிரிமியா யுத்தத்தில் போர்ச்சேவகரை ஏற்றிச் சென்றது. யுத்தம் முடிந்தபின் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு ஓடியது.

1857 மே 31ல் பிளிமத் துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டது. கப்பலில் 122 ஆத்துமாக்கள். பலர் சிட்னியில் குடியிருந்து, ஊர் திரும்பிக்கொண்டிருந்த குடும்பத்தார். 81 நாள் கடந்து, ஆகஸ்ட் 20 இரவு சிட்னியை நெருங்கினார்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான், வீடு வந்துவிடும்!

அப்புறம் என்ன ஆச்சு? பலத்த காற்று, மழை, கும்மிருட்டு. மேக்குவாரி கலங்கரை விளக்கம் விட்டுவிட்டுத் தெரிந்தது. ஆனால் அது துறைமுக வாசலில் இல்லை. வாசலுக்குத் தெற்கே, உயர்ந்த பாறையின்மேல் இருந்தது. வாசல் எங்கே என்று காட்ட அங்கே வேறு விளக்கு இல்லை. கப்பல் பாறையில் மோதி உடைந்தது. 121 பேர் மாண்டார்கள். ஜேம்ஸ் ஜான்சன் என்ற மாலுமி ஒருவர் மட்டும் பாறை விளிம்பில் ஒதுங்கி, 22ந்தேதி காலையில் கயிறு கட்டித் தூக்கி எடுக்கப்பட்டார்.

இதில் நாம் கற்கவேண்டியவை மூன்று:

1. பழகிய வழியிலும் ஆபத்துண்டு. கேப்டன் ஜேம்ஸ் கிரீன் சிட்னிக்குப் பலமுறை வந்தவர். “எனக்குத் தெரியாத வழியா?” என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? விடியும்வரை கரையை விட்டு விலகி நின்றிருந்தால்!

2. விளக்கு இருந்தால் மட்டும் போதாது. தேவையான இடத்தில் இருக்கவேண்டும். 1858ல்தான் வாசலருகே ஹார்ன்பி விளக்கு ஏற்றப்பட்டது. 121 பேர் போனபின்பு!

3. தப்பினவன் மற்றவர்களைத் தப்புவிக்கவேண்டும். ஜான்சன் பிற்பாடு நியூகாசில் துறைமுகத்தில் விளக்குக் காவல் வேலைக்குப் போனார். 1866ல் அங்கே ‘கவாரா’ என்ற நீராவிக்கப்பல் மூழ்கியது. அதிலும் பிழைத்தவர் ஒருவரே. அவரைக் காப்பாற்றப் படகில் போனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஜான்சன்தான்!

இதை வாசிக்கிற நீங்கள் எந்த ஆபத்திலிருந்து தப்பினீர்கள்? அந்த இடத்தில் இன்னொருவருக்காக விளக்குப் பிடிக்கிறீர்களா? சிந்தியுங்கள்.